இசக்கிமுத்துவின் இடது காது

இசக்கிமுத்து ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் அதிக நேரம் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் எழுந்துவிடுவார். டீக்கடையில்கூட கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம். சைக்கிளில் மைன்ஸுக்குப் போகிறவர்கள், "மிலிட்டரி, பிரேக் புடிக்கலயா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நெய்வேலியில் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. எல்லோருக்கும் அவர் பொதுவாக மிலிட்டரிதான். இசக்கிமுத்து என்ற பெயர் அவருக்கும் அவர் மனைவி பாப்பாவுக்கும் வேலை கொடுத்த முதலாளிக்கும் மட்டும் ஞாபகமிருந்தது.

அவர் நிலையில்லாமல் அலைந்ததற்குக் காரணம் காலில் இல்லை, காதில் இருந்தது. இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருந்தது. சுற்றிலும் சத்தமிருந்தால் அது அடங்கிக் கிடக்கும். கொஞ்சம் அமைதியானால் போதும், ஆரம்பித்துவிடும். வெளியிலிருந்து எந்தச் சத்தமும் அந்தக் காதுக்குள் நுழையாது. உள்ளே இருக்கும் இது மட்டும் ஓயாது. வலது காது பரவாயில்லை; முகத்தைப் பார்த்துப் பேசினால் முக்கால்வாசி பிடிபடும். நடந்துகொண்டே இருந்தால் சில்வண்டைக் கொஞ்சம் மறக்கலாம். அதனால் நடந்தார்.

எழுபத்தொன்றாம் வருஷப் போரில் அவர் மேற்கு எல்லையில் பீரங்கிப் படையில் இருந்தார். பீரங்கிக்கு வலப்பக்கம் நின்று குண்டு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஆகவே சத்தம் முழுவதும் இடது காதில் இறங்கியது. ஒருநாள் விடிந்து பார்த்தபோது காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. ஆள் குறைச்சல், பின்னால் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பஞ்சை உருட்டி அடைத்துக்கொண்டு அடுத்த குண்டைத் தூக்கினார்.

பணிக்காலம் முடிந்து விடுவிக்கும்போது டாக்டர் பரிசோதனை நடந்தது. காதில் கோளாறு என்று வாயைத் திறந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கமிட்டி கூடும் வரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். அம்பாசமுத்திரத்தில் பாப்பா காத்திருந்தாள். கல்யாணமாகி அவளோடு இருந்த நாளைவிட ரயிலில் இருந்த நாள் அதிகம். டாக்டர் காதைத் தொட்டு ஏதோ கேட்டார். கேள்வி விழவில்லை. ஆனால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியாதா? "ஓகே, சார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஓகேதான் அவரை ஊர் ஊராகத் துரத்தியது. காது போரில் போனது என்று பிறகு அவர் எங்கே சொன்னாலும், அன்றைக்கு அவர் சொன்ன பதிலே அவருக்கு எதிராக வந்து நின்றது. பட்டாளத்துக்காரர்களுக்கு வேலை உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் நெய்வேலிக்கு வந்தார். ஆனால் பெர்மனென்ட் வேலைக்குப் போனால் அங்கேயும் காதில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். அந்த வாசலுக்கே அவர் போகவில்லை. சிவப்பிரகாசம் என்ற குறிஞ்சிப்பாடிக்காரர் காண்ட்ராக்ட் எடுத்து நடத்திய பட்டறையில் காவலாளியாகச் சேர்ந்தார். மைன்ஸில் மண்ணையும் கரியையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் இரும்பு ரோலர்கள் உருளும். தேய்ந்துபோன ரோலர்களைப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பும் பட்டறை அது. மைன்ஸுக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது. காவலாளிகளுக்குப் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகளும் உண்டு. பாப்பா அந்த அறையில்தான் அடுப்பு மூட்டினாள், முருங்கைக் கொம்பு ஒன்றும் நட்டு வளர்த்தாள்.

காது கேளாதவர் எப்படிக் காவல் காத்தார் என்று கேட்கலாம். அதற்குப் பன்னீர்செல்வம் இருந்தார். கம்மாபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. "எங்கப்பாரு ஏர் ஓட்டுன எடத்துலேர்ந்து வர்ற ரோலருக்கு நான் காவல் காத்துக்கினு கெடக்கறேன், மிலிட்டரி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டு பேரும் இரவுக் காவல். பகல் கேட்டில் நின்றால் லாரி டிரைவர்களோடு பேச வேண்டும். பேசினால் குட்டு உடைந்துவிடும். அதனால் இசக்கிமுத்து தாமாகவே இரவைக் கேட்டு வாங்கியிருந்தார். பேச ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டவர், காது மிகவும் தேவைப்படுகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். பன்னீர்செல்வம் இரண்டு பேருக்குமாகக் கேட்டார். சந்தேகமான சத்தம் வந்தால் டார்ச் விளக்கை வட்டமாகச் சுழற்றுவார். இசக்கிமுத்து வேலிப் பக்கம் நடந்துகொண்டே அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு கம்பித்துண்டு வெளியே போனதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் விடியும்போது, இன்றைக்கும் தப்பித்தோம் என்றுதான் அவருக்குத் தோன்றும். பட்டாளத்தில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

எண்பத்தொன்று ஆகஸ்டில் குடியிருப்பு பிளாக்கின் நற்பணி மன்றச் செயலாளர் கருணாகரன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். எதையும் அழகாகச் செய்ய வேண்டும் என்ற துடிப்பு உள்ளவர்.

"சார், போர் முடிஞ்சு பத்து வருஷம் ஆகுது. நம்ம ஏரியாவுல சண்டைக்குப் போனவர் இருக்கீங்கன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரியும். சுதந்திர தினத்துக்கு உங்களுக்குப் பாராட்டு."

"அதெல்லாம் வேண்டாம் சார். நான் என்ன செஞ்சேன்? குண்டு தூக்கிக் குடுத்தேன்."

"அதைத்தான் சார் மேடையில சொல்லப்போறோம்!"

மறுக்க முடியாதபடி சிவப்பிரகாசமும் பின்னாலேயே வந்தார். விழாவுக்குப் பந்தல் செலவு அவருடையது. "என் பட்டறைக் காவலுக்கு நிக்கிறவன் போர்வீரன்யா. எத்தினி காண்ட்ராக்டருக்கு இந்தப் பெருமை இருக்கு? வராம இருந்துடாத, இசக்கி" என்று தோளில் தட்டினார். தட்டியது வலது தோள். அதனால் முழுதும் கேட்டது.

விழாவுக்கு முந்தின நாள் இசக்கிமுத்து பந்தல் போட்ட மைதானத்துக்குப் போய் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மைக் நடுவில் வைக்கப்போகிறார்கள். மேடையில் உட்காரும்போது இடது ஓரத்து நாற்காலியில் இருந்தால் மைக்கும் பேசுகிறவர்களும் வலது காதுப் பக்கம் வருவார்கள். பெயர் சொன்னால் கேட்கும். எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். திரும்பி வந்து பாப்பாவிடம் இதை விளக்கினார்.

"சண்டைக்குப் போம்போதுகூட இப்படித் திட்டம் போட்டிருக்க மாட்டீய" என்றாள் அவள், பழைய சட்டைக்குக் கஞ்சி போட்டபடி.

மறுநாள் காலையில் அவர்தான் முதலில் வந்து இடது ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையில் இரண்டு பதக்கங்கள். முதல் வரிசையில் பாப்பா. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கருணாகரன் மேடையேறிப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்ன சார் இது, நீங்க போய் ஓரத்துலயா? சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்துல வாங்க சார்!"

"இங்கயே இருக்கேன் சார், இது போதும்."

"அய்யய்யோ, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? வீரரை மூலையில தள்ளிட்டாங்கன்னு பேசமாட்டாங்களா?"

இரண்டு இளைஞர்கள் மரியாதையாகக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். சிறப்பு விருந்தினருக்கு வலப்பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். இப்போது மைக், பேசுகிறவர்கள், விருந்தினர் எல்லாரும் அவருடைய இடது பக்கம். ஒலிபெருக்கிக் குழாய்கள் வேப்பமரத்தில் ஏறிக் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தன. வலது பக்கம் பள்ளிக்கூடத்துப் பாண்டு வாத்தியம். இருந்த நல்ல காதையும் அது எடுத்துக்கொண்டது.

அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்கார முடியவில்லை. முழங்கால் தானாக ஆடியது. சிவப்பிரகாசம் மைக் முன்னால் வந்தார், கையை வீசினார், வாய் அசைந்தது. கூட்டம் கைதட்டியது. மற்றவர்களைப் பார்த்து இசக்கிமுத்துவும் கைதட்டினார். தமக்கே கைதட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சிவப்பிரகாசம் மறுபடி வாயசைத்தார். பிறகு இன்னொரு தடவை. கூட்டத்தில் தலைகள் எல்லாம் தம் பக்கம் திரும்புவதைக் கண்டார். முதல் வரிசையில் பாப்பா கண்ணால் எழும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடித்துப் பிடித்து எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

சிவப்பிரகாசம் பொன்னாடையைப் போர்த்தினார். ஜரிகைக் கரை போட்ட பச்சைத் துணி. போர்த்திக்கொண்டே இடது பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். இசக்கிமுத்து சிரித்துத் தலையசைத்து, "ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார். சிவப்பிரகாசம் அவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடி குனிந்து, முன்வரிசைக்கும் கேட்கும்படி ஏதோ சொன்னார். "எல்லாம் உங்க புண்ணியம்ங்க" என்று இவர் கும்பிட்டார். முதல் வரிசையில் இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவள் வலப்பக்கமாக வந்து சொன்னாள்: "ரெண்டாவது தடவை அவர் என்ன சொன்னார் தெரியுமா? காது கேக்குதான்னு பாக்க, 'உன் ரூமு தீப்புடிச்சு எரியுது'ன்னார். நீங்க கும்புடுதீய."

இசக்கிமுத்து நின்றுவிட்டார். அப்புறம் வேகமாக நடந்தார். பாப்பா ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வேலை நாளில் சிவப்பிரகாசம் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். எதிரே உட்காரச் சொன்னார். இவர் நின்றார்.

"எத்தினி நாளா இது?" என்று காதைக் காட்டிக் கேட்டார்.

"சண்டையிலேருந்துங்க."

"எங்கிட்ட சொல்லலியே?"

"சொன்னா வேலை குடுத்திருப்பீங்களா?"

"நான் கெட்டவன் இல்ல, இசக்கி. ராத்திரியில வேலிய வெட்டுனா உனக்குக் கேக்குமா? திருடன் பின்னால வந்து உன் மண்டைய ஒடைச்சா யாரு பதில் சொல்றது? யோசிச்சுப் பாரு."

இசக்கிமுத்து யோசித்துப் பார்த்தார். அந்த ஆள் சொல்வதில் தப்பில்லை. இத்தனை வருஷமாக விடியும்போதெல்லாம் இவரும் அதைத்தானே நினைத்தார்? அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கூட இருக்கறவனுக்கு இது தெரியுமா? பன்னீர்செல்வத்துக்கு?"

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே பன்னீர்செல்வம் நின்றிருந்தார். கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"இந்த மாசத்தோட கணக்க முடிச்சுக்க. ரூமையும் காலி பண்ணிடு, வேற ஆளு வரணும்" என்றார் சிவப்பிரகாசம். இவர் வாசலைத் தாண்டும்போது எழுந்து வந்து, நல்ல பக்கமாகப் பார்த்து நின்று, அன்பாகவே சொன்னார்: "ஆனா ஒண்ணு, ஜனவரிக் கொடி நீதான் ஏத்தணும். எங்க இருந்தாலும் வந்துடணும். கருணாகரன் சார் கிட்ட சொல்லிட்டேன்."

அறைக்கு வந்ததும் பாப்பா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழத் தெரியாது. கோபம்தான் வரும்.

"மழை வரப்போவுது. எங்க போவோம்? உங்க அண்ணன் வீட்டுத் தொழுவத்துக்கா? அன்னைக்கு அந்த டாக்டர்ட்ட ஓகேன்னு சொல்லாம இருந்திருந்தா..."

"உன்னைப் பாக்கணும்னுதான்டி சொன்னேன்."

"பாத்தீயள்லா? இப்ப நல்லாப் பாத்துக்கிடுங்க!" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை எடுத்து மூலையில் எறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்து உதறி மடித்தாள். நல்ல துணி. எறிய மனசு வரவில்லை.

அவர் வெளியே கிளம்பிவிட்டார். மைன்ஸ் பக்கம் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். மதியத்துக்கு மேல் சுரங்கத்தில் பாறையைத் தளர்த்த வெடி வைப்பார்கள். அதற்கு முன் சங்கு ஊதும். அது அவருக்குக் கேட்பதில்லை. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அன்றும் எல்லோரும் நின்றார்கள். தரை அதிர்ந்தது. உள்ளங்காலில் ஏறிய அந்த அதிர்வு பழைய நாளைக் கிளப்பியது. ஆனால் இந்தத் தடவை அவர் நினைத்தது பீரங்கியை அல்ல. எல்லாரும் நின்றதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன்? கண்ணால். பகல் கேட்டுக்கு என்ன வேண்டும்? லாரி வருகிறது, டிரைவர் ரசீதைக் காட்டுகிறான், பார்த்து உள்ளே விட வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதிக்கு மேல் கேட்கிறதே. குட்டு உடையக்கூடாது என்றுதானே இரவுக்கு ஓடினேன்? இப்போது உடைந்துவிட்டது. இனி ஒளிவதற்கு என்ன இருக்கிறது?

திரும்பப் போய்ப் பகல் கேட்டு வேலையைக் கேட்டார். சிவப்பிரகாசம் வேலையாக இருந்தார். தலை நிமிராமல், "அதெல்லாம் சரிப்படாது, லாரி ஹாரனே கேக்காது உனக்கு" என்றார். உதடு தெரியாததால் இசக்கிமுத்து பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத்தான் புரிந்துகொண்டார்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிகிற நேரம். பட்டறைக் கேட்டுக்கு வெளியே, சாலையோரமாக, இசக்கிமுத்து நின்றார். கஞ்சி போட்ட சட்டை, இரண்டு பதக்கம், தோளில் பச்சைப் பொன்னாடை. குதிகால் சேர்த்து, கையை ஒட்டி, அட்டென்ஷனில்.

ஓரிடத்தில் நிற்காதவர் நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? சைக்கிள்கள் வேகம் குறைத்தன.

"மிலிட்டரி, சினிமா ஷூட்டிங்கா?"

"யாருப்பா இன்னைக்கு வர்றது, மந்திரியா?"

"சால்வை வெயிலுக்கா?"

அவர் நேரே பார்த்தபடி நின்றார். பட்டறை அன்றைக்குப் பார்த்து ஓசையில்லாமல் கிடந்தது. சில்வண்டு தொடங்கியது. நடந்தால் அடங்கும். காலை எடுத்து வைக்க உடம்பு முழுவதும் கெஞ்சியது. பீரங்கிப் பக்கத்தில் நின்றதைவிட இது கஷ்டமாக இருந்தது. பாப்பா ஒரு சொம்பில் நீராகாரம் கொண்டுவந்து கேட்டோரமாக வைத்துவிட்டு, யாராவது கேட்டால் சொல்வதற்காக அங்கேயே நின்றாள்.

கேட்டார்கள். சொன்னாள். "அன்னைக்கு அவர் போத்துன துணிதான் இது. போத்துன கையாலேயே வேலையை விட்டு எடுத்துட்டாரு. பகல் கேட்டுல நிக்கேன்னு கேக்காவ. கண்ணு நல்லாத்தான இருக்கு?"

சாயங்காலம் கருணாகரன் ஸ்கூட்டரில் வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"சார், பொன்னாடைய இதுக்குப் போடலாமா? மன்றத்துக்குச் சங்கடமா இருக்கு சார்."

"எனக்குக் குடுத்ததுதான சார்?"

"குடுத்ததுதான். இருந்தாலும்... அது மரியாதைக்கு."

"மரியாதைக்குத்தான் போட்டிருக்கேன்" என்றார் இசக்கிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அந்த ஓரத்து நாற்காலியில என்னைய விட்டிருக்கலாம் சார்" என்றார். ஏன் ஓரம் என்பதையும் சொன்னார். கருணாகரனுக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் மழை. பொன்னாடையின் பச்சைச் சாயம் சட்டையில் இறங்கியது. சைக்கிள்காரர்கள் தலையில் பாலிதீனைப் போட்டுக்கொண்டு நிற்காமல் போனார்கள். சில பேர் மட்டும் மெதுவாகப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. பன்னீர்செல்வம் இரவு வேலைக்கு வந்தவர் இவரைக் கடந்து உள்ளே போனார். பார்க்கவில்லை. டார்ச் விளக்கு அவர் கையில் இருந்தது.

இசக்கிமுத்துவுக்கு அது வலித்தது. ஆனால் ஆளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நிலத்தை விட்டவரை இந்த வேலையையும் விடச் சொல்வது எப்படி?

மூன்றாம் நாள் இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் தானாகச் சேர்ந்தது. உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள், கரித்தூள் படிந்த முகங்கள். கன்வேயரில் வேலை செய்கிற ஒருவர் சைக்கிளில் காலூன்றி நின்று சொன்னார்: "கன்வேயர் பக்கத்துல நின்னு நின்னு எங்க செட்டுல பாதிப் பேருக்குக் காது அவுட்டு. கை ஜாடையிலதான் குடித்தனமே நடத்தறோம். இவரை மட்டும் ஏன் அனுப்பறாங்க?"

அப்போதுதான் பன்னீர்செல்வம் வந்தார். இரவு வேலைக்காரர், பகலில் தூங்க வேண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வந்து இசக்கிமுத்துவின் வலப்பக்கம் நின்றார்.

"உமக்கு இங்க என்னவே வேலை? போம்" என்றார் இசக்கிமுத்து, தலையைத் திருப்பாமல்.

"தூக்கம் வரல மிலிட்டரி. மூணு நாளா பொரண்டு பொரண்டு படுத்துக்கினு இருக்கேன். எம் பொண்டாட்டி, உனக்கும் மிலிட்டரி மாதிரி கால்ல சக்கரம் வந்துடுச்சான்னு கேக்கறா."

சிவப்பிரகாசத்தின் ஜீப் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்ததும் முகம் சிவந்தது. இறங்கினார்.

"என்னய்யா இது, நாடகமா?"

பன்னீர்செல்வம் முந்திக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "மொதலாளி, இவரு பொய் சொன்னாரு. எனக்குத் தெரியும். மொதல் நாள்லேர்ந்தே தெரியும். நான் கேட்டுக்கினு இருந்தேன், அவரு பாத்துக்கினு இருந்தாரு. ஒரு துண்டு இரும்பு வெளிய போயிருக்கா, சொல்லுங்க. அவரு கேக்கறது பகல் கேட்டு. கெழக்குலேர்ந்து லாரி வந்தா தூசி தெரியாதா?"

"உன்னை அப்புறம் பாத்துக்கறேன்" என்றார் சிவப்பிரகாசம். ஆனால் அவர் கண் பன்னீர்செல்வத்தின் மேல் இல்லை. பொன்னாடையின் மேல் இருந்தது. சாயம் போன பச்சையில் ஜரிகை மட்டும் மினுங்கியது. அந்தத் துணியை அவர் போர்த்தியதை இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள்.

அவர் இசக்கிமுத்துவின் அருகே வந்தார். குனிந்து, தணிந்த குரலில் ஏதோ சொன்னார். வந்தது இடப்பக்கம்.

இசக்கிமுத்து திரும்பவில்லை. ஜீப் வந்தது தெரியும். ஆள் பக்கத்தில் நிற்பது தெரியும். உதடு அசைவதும் கண்ணோரத்தில் தெரிந்தது. திரும்பியிருக்கலாம். இத்தனை வருஷமாகத் திரும்பித் திரும்பித்தான் பிழைத்தார். யார் எந்தப் பக்கம் வந்தாலும் ஓடிப் போய் நல்ல காதைக் கொடுத்தார். அன்றைக்கு அட்டென்ஷனில் இருந்தார். கழுத்து திரும்பவில்லை.

"அந்தப் பக்கம் கேக்காதுங்க" என்றார் பன்னீர்செல்வம். "இப்பிடிக்கா சுத்திக்கினு வாங்க."

சிவப்பிரகாசம் கூட்டத்தைப் பார்த்தார். மழையில் குழைந்த செம்மண்ணைப் பார்த்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இசக்கிமுத்துவின் முன்னால் சுற்றி, சேற்றில் கால் வைத்து, வலப்பக்கம் வந்தார். பன்னீர்செல்வம் ஒதுங்கி இடம் விட்டார்.

"பகல் கேட்டு பாத்துக்க. ரூமும் இருக்கட்டும்."

"கேட்டுச்சுங்க" என்றார் இசக்கிமுத்து. "ஆனா இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மொதலாளி. அன்னைக்கு மைக்குல சொன்னாப்ல. அன்னைக்குத் தட்டுன கை எனக்குப் பாதிதான் கேட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. சிவப்பிரகாசம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு வந்த வேகத்தில் ஜீப்பில் ஏறிக்கொண்டார். பன்னீர்செல்வத்தை என்ன செய்வதாக இருக்கிறார் என்று சொல்லவில்லை.

"உம்ம வேலைக்கு என்ன ஆவும் பன்னீரு?"

"ஆவறது ஆவட்டும். இனிமே பகல்ல எனக்குத் தூக்கம் வரும்."

சைக்கிள்கள் மெதுவாகக் கலைந்தன. பாப்பா பொன்னாடையை அவர் தோளிலிருந்து எடுத்து, ஈரத்தைப் பிழிந்து, வேலியில் காயப்போட்டாள். கேட்டுக்குள்ளிருந்து ஒருவர் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து, "உக்காருங்க மிலிட்டரி, மூணு நாளா நின்னீங்க" என்றார்.

இசக்கிமுத்து ஸ்டூலைப் பார்த்தார். அதைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். நின்று நின்று மரத்துப்போன காலை உதறி நாலு எட்டு அந்தப் பக்கம் போனார், நாலு எட்டு இந்தப் பக்கம் வந்தார். சாலையின் கிழக்கு முனையில் ஒரு லாரி திரும்பியது. அது ஹாரன் அடித்ததா என்று அவருக்குத் தெரியாது. தூசிக்குப் பதில் அது வாரியடித்த சேறு தெரிந்தது. போய்த் தடுப்புக் கம்பைத் தூக்கினார்.